ஆமிக்காரன் விட்டுப்போன மவுத் ஓகன்

இருநூற்றைம்பது ரப்பர் மரத்திலும் பால் வெட்டி முடிக்கும்போது வெள்ளையம்மாவுக்குக் காலை எட்டு மணி தாண்டிவிடும். அதற்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் வேலை மரத்துக்குத்தான், ஆளுக்கு இல்லை. பட்டையில் கத்தி இழுத்த கோட்டின் வழியே பால் இறங்கி வந்து சிரட்டையில் சொட்டும். அதை யாரும் அவசரப்படுத்த முடியாது. மற்றப் பெண்கள் அந்த நேரத்தில் ரொட்டியைப் பிரித்துத் தின்பார்கள். காலில் ஏறிய அட்டைகளுக்கு உப்பு வைத்தபடி மருமகள்களைப் பற்றிப் பேசுவார்கள். வெள்ளையம்மா ரொட்டியைத் தின்று, விரல்களில் காய்ந்த ரப்பர் பாலை உருட்டி எடுத்துவிட்டு, இடுப்பில் செருகியிருக்கும் பொலித்தீன் பையை அவிழ்ப்பாள். அதற்குள் ஒரு மவுத் ஓகன் இருக்கும்.

ஒரு சாண் நீளம். பச்சைப் பெயின்ட் பாதி உரிந்துவிட்டது. ஒரு மூலையில் தகடு நெளிந்திருக்கும். இடப்பக்கத்து முதல் ஓட்டையில் ஊதினால் காற்று மட்டும்தான் வரும். அதையெல்லாம் தள்ளி விட்டு ஊத அவளுக்குத் தெரியும். கோயில் கும்மிப் பாட்டு, ரேடியோவில் கேட்ட சினிமாப் பாட்டு, மகள் ஷாமிளா சின்னப் பிள்ளையாக இருக்கும்போது தானே இட்டுக்கட்டிப் பாடிய தாலாட்டு என்று ஏழெட்டுப் பாட்டு. சொல்லிக் கொடுக்க ஆளில்லை. மரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து தானாகவே தேடிக் கண்டுபிடித்தவை.

"இந்தப் பொம்பள ஊதுறத கேட்டு மரமெல்லாம் தூங்கிருது. அதான் பால் வரமாட்டேங்குது" என்பார் கங்காணி. ஊதாத நாளில், "என்னா வெள்ளையம்மா, ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்பவரும் அவர்தான்.

ஹேனகந்த தோட்டம் நிவித்திகலையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம். கீழ் டிவிசன் ரப்பர், மேல் டிவிசன் தேயிலை. இரண்டுக்கும் பாதை பிரியும் இடத்தில் பழைய பிள்ளை மடுவக் கட்டடம் ஒன்று உண்டு. முன்பு வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போன இடம். சண்டை உச்சத்திலிருந்த காலத்தில் அதில் ஆமிக்காரர்கள் பன்னிரண்டு பேரைக் கொண்டுவந்து வைத்தார்கள். தோட்டத்து ஆட்கள் அதை 'பொயின்ட்' என்றார்கள். போகும்போதும் வரும்போதும் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும்.

அவர்களுக்குச் சண்டை வடக்கே இருந்தது. இங்கே இருந்தது வெறும் பொழுதுதான். ஒருவன் மூங்கிலை வெட்டிச் சூடு போட்டுப் புல்லாங்குழல் செய்தான். ஒருவன் தகரத் தட்டைக் கவிழ்த்துத் தாளம் போட்டான். பியல் என்றொரு பொடியன், இருபத்தொரு வயது இருக்கும், மற்றவர்கள் பேர்ஸ் வைக்கும் சட்டைப்பையில் மவுத் ஓகன் வைத்திருந்தான். விடிந்தும் விடியாமலும் பெண்கள் கத்தியும் வாளியுமாகப் பொயின்டைத் தாண்டும்போது, மணல் மூட்டை மேல் உட்கார்ந்து அதை ஊதிக்கொண்டிருப்பான். வெள்ளையம்மாவுக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. ஒருநாள், "தம்பி, அது என்னா பாட்டு?" என்று சிங்களத்தில் கேட்டுவைத்தாள். அவன் வெட்கப்பட்டு, "எங்கம்மா வயல்ல பாடுற பாட்டு அக்கே" என்றான். அன்றிலிருந்து அவளைக் கண்டால் சிரிப்பான்.

அந்த வருசக் கடைசியில் அவர்களை வடக்குக்கு அனுப்பினார்கள். லொறி ஏறப் போகும் காலையில் பியல் ரப்பர் மலைக்குள் அவளைத் தேடி வந்தான். சட்டைப்பையிலிருந்து மவுத் ஓகனை எடுத்து நீட்டினான். தோளில் தொங்கிய துவக்குக்குப் போடும் எண்ணெய் வாசம் அதில் அடித்தது.

"மேக்க தியாகன்ன அக்கே. மம அவில்லா கன்னம்."

அங்கே சத்தம் போட முடியாதாம். வைத்திருக்கச் சொன்னான், வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றான். வரவில்லை. உயிரோடு இருக்கிறானா என்பது கூட அவளுக்குத் தெரியாது. ஒரு வருசம் அதைத் தொடாமல் வைத்திருந்தாள். அப்புறம் துருப்பிடிக்கிறதே என்று எடுத்து ஒருமுறை ஊதினாள். அப்படித்தான் தொடங்கியது.

இதில் எதுவும் கீழ் டிவிசனில் ரகசியம் இல்லை. மேல் டிவிசனுக்குத்தான் தெரியாமலிருந்தது.

*

ஷாமிளா பக்கத்துத் தோட்டத்துப் பாலர் பாடசாலையில் டீச்சர். மேல் டிவிசன் கிருஷாந்துக்கு இரத்தினபுரியில் ஒரு பார்மசியில் வேலை. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய் வந்து, ஒருத்தரையொருத்தர் பிடித்துப்போய், வீட்டில் சொல்லவும் செய்தார்கள். கிருஷாந்தின் அம்மா விஜயகலா கொழுந்து பறிக்கிறவள். புருசன் செத்துப் பத்து வருசம். கறாரான மனுசி, ஆனால் நியாயமானவள் என்று பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்கும் ஒரு சீப்பு கோழிக்கூட்டு வாழைப்பழமுமாகக் கீழ் டிவிசனுக்கு வந்தாள்.

வெள்ளையம்மா விடிகாலையிலேயே உளுந்து வடை சுட்டு, சேமியாப் பாயாசம் வைத்து, ஈரப்பலாக்காய்க் கறியும் கோழிக் குழம்பும் ஆக்கியிருந்தாள். பேச்சு சுமுகமாகத்தான் போனது. தை மாதமா, சித்திரையா என்ற இடத்துக்கு வந்துவிட்டது. விஜயகலா ஷாமிளாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இம்புட்டு மெலிஞ்சிருக்கியே, எங்க வீட்டு மாட்டுப் பால்ல ஒன்ன தேத்திருவேன்" என்று கூடச் சொன்னாள்.

அந்தச் சந்தோசத்தில்தான் வெள்ளையம்மாவின் புருசன் நல்லையா வாயைத் திறந்தார். அவர் தோட்டத்துத் தண்ணீர்க் குழாய் வேலைக்காரர். சாதுவான மனிதர். பெண்டாட்டியைப் பற்றிப் பெருமை பேசுவதைத் தவிர வேறு கெட்ட பழக்கம் கிடையாது.

"இந்தா புள்ள, சம்மந்திக்கு ஒரு பாட்டு ஊதிக் காட்டு."

"சும்மா இருங்க. விருந்தாளிங்க முன்னால."

"அட ஊதுங்க, கேப்போம்" என்றாள் விஜயகலா சிரித்துக்கொண்டு.

வெள்ளையம்மா சேலையில் கையைத் துடைத்துவிட்டு இடுப்பிலிருந்து எடுத்து ஊதினாள். நாலு வரி போயிருக்காது. விஜயகலாவின் முகம் மாறிப்போனது.

"இத எங்க வாங்குனீங்க?"

"வாங்குனது இல்லீங்க" என்று நல்லையா முந்திக்கொண்டார். "பொயின்ட்ல இருந்தானே பியல்னு ஒரு ஆமிப் பொடியன், அவன் குடுத்துட்டுப் போனது. அவன் நல்ல பொடியன் சம்மந்தி. ஐடென்டி கார்டு இல்லாம என்னய புடிச்சு உள்ள போட்டானுங்கள்ல? அவன்தான் பெரியவன்கிட்ட சொல்லி, ஒரு மணித்தியாலத்துல உட வச்சான்."

விஜயகலா கையிலிருந்த பாயாசக் கப்பைக் கீழே வைத்தாள். சத்தம் வராமல், மெதுவாக வைத்தாள்.

"ஒங்கள உட்டானுங்க" என்றாள். "என் தம்பிய உடல."

அவளுடைய தம்பி சசியைத் தோட்டத்தில் தெரியாதவர் கிடையாது. கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்துவிட்டு வீட்டுக்கு வந்த பொடியனை, நல்லையாவைப் பிடித்த அதே நாளில்தான் பிடித்தார்கள். நாலு நாள் பொயின்டில் வைத்திருந்து, அப்புறம் எங்கெங்கோ கொண்டுபோய், ஒன்றரை வருசம் கழித்து ஒரு குற்றமும் இல்லையென்று விட்டார்கள். திரும்பி வந்தபோது இடது காது கேட்கவில்லை. கல்யாணம் வேண்டாமென்று சொல்லிவிட்டான். அக்கா வீட்டிலேயே மாட்டைப் பார்த்துக்கொண்டு, புல்லு வெட்டும் வேலைக்குப் போய்க்கொண்டு இருக்கிறான்.

"நாலு நாளும் பொயின்ட் கேட்டு வாசல்ல நின்னேன் நான்" என்றாள் விஜயகலா. "உள்ளேருந்து இந்தச் சத்தம் வரும். என் தம்பி உள்ள கெடக்கான், இவனுங்களுக்குப் பாட்டு கேக்குதான்னு மண்ண வாரித் தூத்துனேன். இது அந்தச் சாமானா? இதத்தான் இடுப்புல கட்டிக்கிட்டுத் திரியிறீங்களா?"

எழுந்து செருப்பை மாட்டினாள். கிருஷாந்த் ஷாமிளாவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், அம்மாவின் பின்னால் போனான். வாழைப்பழச் சீப்பு மேசையிலேயே கிடந்தது.

*

இரண்டு நாள் கழித்து ஷாமிளா பஸ்ஸிலிருந்து இறங்கிச் சேதியோடு வந்தாள். அடைமழை. மூன்று நாளாகப் பால் வெட்டு இல்லை. நல்லையா கொட்டிலில் ஈர விறகைப் பிளந்துகொண்டிருந்தார். வெள்ளையம்மா மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அவுங்க அம்மா சொல்லிட்டாங்களாம். அத வீசிட்டாப் போதுமாம். வேற ஒண்ணும் வேணாமாம். தையிலேயே வச்சிக்கலாம்னு சொன்னாங்களாம்."

"இதானா?" நல்லையாவுக்கு உயிர் வந்தது. "வீசிரலாம். கீழ ஓடுற கங்கையில போட்டா கடலுக்குப் போயிரும். நம்ம மகளவிட அந்தத் தகரம் பெருசா?"

வெள்ளையம்மா கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள்.

"என்னா புள்ள, பேசாம இருக்க?"

"வீசுறது பெருசில்லங்க. வேற ஒண்ணு இருக்கு."

"என்னா இருக்கு?"

"ஒங்கள கூட்டியார நான் பொயின்டுக்கு வந்தேன்ல. பியல் என்னய பாத்துட்டு, பெரியவன்கிட்ட, இந்தக்கா நமக்குத் தெரிஞ்சவங்க, இவுங்க வீட்டுக்காரர்தான் நமக்குத் தண்ணி பைப் போட்டுக் குடுத்தவருன்னான். பெரியவன் சரின்னான். நீங்க உள்ள ரூம்ல இருந்தீங்க. வராந்தாவுல சசிய முட்டிக்கால் போட வச்சிருந்தானுங்க. கண்ணு கட்டியிருந்துச்சு. பெரியவன் அவனக் காட்டி, அர மினிஹாவத் அக்கே தன்னவாதன்னு என்னய கேட்டான். அந்த ஆளையும் தெரியுமான்னு."

நல்லையாவின் கோடாலி நின்றது.

"தன்னே நே, தெரியாதுன்னு சொல்லிப்புட்டேன்."

வெள்ளையம்மா உரித்த தோலைக் கையால் ஒதுக்கினாள்.

"தெரியும்னு சொன்னா, ஒங்களையும் சேத்து வச்சிருவானுங்களோன்னு பயம். ஷாமிளாவுக்கு அஞ்சு வயசு. வாயில தானா வந்துருச்சு. வெளிய வந்தப்ப கேட்டு வாசல்ல விஜயகலாக்கா நனைஞ்சுக்கிட்டு நிக்கிறாங்க. என்னய பாத்தாங்க. நான் ஒங்க கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு குனிஞ்ச தல நிமிராம வந்துட்டேன்."

"இத்தன வருசமா எங்கிட்ட சொல்லல?"

"ஒங்கள கூட்டியாந்ததே அதாலதானோன்னு நீங்க நெனச்சிட்டா? நீங்க ஒழுங்கா சோறு திங்க மாட்டீங்க. ஒங்கள எனக்குத் தெரியாதா?"

நல்லையா விறகுக்கட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். வாசலில் நின்ற ஷாமிளாவுக்கு அழுகை முட்டியது.

"ஏம்மா இத இப்ப சொல்ற? அவுங்க கேட்டது அத வீசச் சொல்லித்தானே? வீசிட்டா முடிஞ்சுது."

"முடியாது கண்ணு. நீ அந்த வீட்டுக்குப் போயி, அந்த சசிக்கு ஒங்கையால சோறு போடுவ. அந்த ஆள் திம்பாரு. அப்பறம் நான் ஒருநாள் ஒன்னப் பாக்க வருவேன். எந்த மூஞ்சியோட அங்க ஒக்காருவேன்?"

"சொன்னா கல்யாணம் நின்னு போகும்."

"நிக்கலாம்."

ஷாமிளா உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். நல்லையாவும் வெள்ளையம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மகள் திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது. கையில் அவளுடைய புதுக் குடை.

"ஒன்னுது கம்பி ஒடஞ்சது. மேல் டிவிசன் வரைக்கும் தாங்காது. இதக் கொண்டு போ."

*

மேல் டிவிசனுக்கு ஏற்றம். பாதை வாய்க்காலாக ஓடியது. வெள்ளையம்மா போய்ச் சேர்ந்தபோது விஜயகலா கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, அடுப்படி வாசலில் சாக்கை விரித்துப் பலாக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வெள்ளையம்மா குடையைச் சுருக்கி வைத்து, கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, இன்னொரு கத்தியை எடுத்து எதிரில் உட்கார்ந்தாள். பலாப்பால் கையில் ஒட்டாமலிருக்க எண்ணெய் வேண்டும். ரப்பர் பாலுக்கு அந்த வித்தை செல்லாது.

இரண்டு பேரும் கொஞ்சநேரம் வெட்டினார்கள்.

"வீசிட்டீங்களா?"

"இல்லக்கா. கொண்டாந்திருக்கேன்."

"இங்க எதுக்குக் கொண்டாந்தீங்க?"

"ஒங்க கையால வீசுங்க. ஆனா அதுக்கு முந்தி ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு என்னா வேணும்னாலும் செய்ங்க."

சொன்னாள். புருசனிடம் சொன்னதைவிடக் குறைவான வார்த்தையில் சொன்னாள். 'தன்னே நே' என்ற இடம் வந்ததும் விஜயகலாவின் கத்தி காயிலேயே நின்றது. பேசியபோது குரலில் கோபமே இல்லை. அதுதான் வெள்ளையம்மாவுக்குத் தாங்க முடியாமலிருந்தது.

"எனக்கு அப்ப சிங்களம் ஒழுங்கா வராது. கேட்டுல நின்னவன்கிட்ட தம்பி தம்பின்னு மட்டுந்தான் சொல்லத் தெரிஞ்சுது. நீங்க உள்ள போறதப் பாத்தேன். வெள்ளையம்மா வந்துட்டா, அவளுக்குச் சிங்களம் நல்லா வரும், என் தம்பிக்கும் சேத்து ஒரு வார்த்த சொல்லுவான்னு நெனச்சேன். நீங்க குனிஞ்சுக்கிட்டுப் போறத பாத்து, பாவம், இவ சொல்லியிருப்பா, அவனுங்க கேக்கல போல, அதான் நம்ம மூஞ்சியப் பாக்க முடியாமப் போறான்னு நெனச்சுக்கிட்டேன்." அவள் மூக்கை முழங்கையால் துடைத்தாள். "பதினேழு வருசமா அப்புடித்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

வெள்ளையம்மாவின் கண்ணீர் கத்திமேல் விழுந்தது. எண்ணெய்க் கையால் துடைக்கவும் முடியவில்லை.

புல்லுக் கட்டைத் தொப்பென்று போடும் சத்தம் கேட்டது. சசி மாட்டுக் கொட்டில் பக்கம் நின்றிருந்தான். தலையில் உரச்சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. சாக்கை உதறிவிட்டு வந்து, வலது காது அவர்கள் பக்கம் இருக்கும்படி வாசற்படியில் உட்கார்ந்தான்.

"அது எனக்குத் தெரியும்க்கா" என்றான்.

"எது தெரியும்?" என்றாள் விஜயகலா.

"இவுங்க தன்னே நே-ன்னு சொன்னது. கண்ணத்தானே கட்டியிருந்தானுங்க. காது அப்ப ரெண்டும் கேட்டுச்சு. கொரல் தெரியாதா? சின்ன வயசுலேருந்து கேட்ட கொரல்."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ கீழ் டிவிசனுக்குப் போயி இவுங்க மசுரப் புடிச்சிருப்ப."

"புடிச்சுத்தான் இருப்பேன்!"

"அதான் சொல்லல." சசி வெள்ளையம்மா பக்கம் திரும்பினான். "மொதல்ல ரொம்பக் கோவம்க்கா. உள்ள இருந்தப்ப ஒங்களத்தான் திட்டுவேன். அடிச்சவனக்கூட அம்புட்டு திட்டல. அடிச்சவன் யாரோ. நீங்க தெரிஞ்சவங்க. வெளிய வந்த பின்னாடி ஒருநாள் கோயில்ல பாத்தேன். நல்லையாண்ணன் ஒங்க மகளத் தோள்ல வச்சிக்கிட்டுத் தேர் காட்டிக்கிட்டு நின்னாரு. நீங்க பக்கத்துல நின்னீங்க. ஒரு ஆளத்தான் கூட்டிக்கிட்டுப் போக முடியும்னா, அந்த அப்பனக் கூட்டிக்கிட்டுப் போனதுல தப்பு இல்லன்னு தோணுச்சு. அன்னையோட கோவம் போச்சுன்னு சொல்ல மாட்டேன். கொஞ்சம் கொறஞ்சுச்சு."

வெள்ளையம்மா கும்பிடப் போனாள். அவன் கையை அசைத்துத் தடுத்தான்.

"அத எடுங்க. பாப்போம்."

அவள் இடுப்பிலிருந்து பொலித்தீன் பையை எடுத்தாள். விஜயகலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சசி மவுத் ஓகனை வாங்கி, புரட்டிப் பார்த்து, மூக்கின் அருகே வைத்து மோந்தான்.

"துவக்கெண்ணெய் வாசம் போயிருச்சு."

"ரப்பர் வாசந்தான் இப்ப" என்றாள் வெள்ளையம்மா.

"இத ஊதச் சொல்லுவாங்கக்கா, அடிக்கிற நேரத்துல" என்றான் சசி, யாரோ ஒருவருடைய கதையைச் சொல்வதுபோல. "பெரியவன் அந்தப் பொடியன்கிட்ட கத்துவான், ஊதுடா ஊதுடான்னு. பாதையில போறவங்களுக்கு எங்க சத்தம் கேக்கக்கூடாதுன்னு. அவன் ஊதுவான். எங்கக்கா கேட்டுல நின்னு கேட்டது அதுதான்."

அந்த நாலு நாளும் வெள்ளையம்மாவும் அந்தச் சத்தத்தைக் கேட்டாள்தான். மத்தியான வேளையில், வழக்கமில்லாத நேரத்தில். பொடியனுக்கு இன்றைக்கு என்ன இவ்வளவு குஷி என்று மரத்தடியில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டாள்.

"ஆனா இன்னொண்ணும் இருக்கு. அடிச்சு முடிச்சுட்டுப் பெரியவன் போயிருவான். அதுக்கப்பறம் யாரும் சொல்லாமயே ஊதுவான். மெதுவா. நாங்க கெடந்த ரூம் செவுத்துக்கு அந்தாண்ட ஒக்காந்துக்கிட்டு. பாட்டு முடியிறப்ப ஒருதரம் செவுத்தத் தட்டுவான். நான் திருப்பித் தட்டுனா இன்னொரு பாட்டு ஊதுவான். தட்டலன்னா தண்ணி எடுத்துக்கிட்டு உள்ள வந்து பாப்பான்."

"அவன் நல்லவனா தம்பி?" என்று கேட்டாள் வெள்ளையம்மா. கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக்கூடாதோ என்று பட்டது.

சசி யோசித்தான். "தெரியாதுக்கா. நாலு நாள்தானே இருந்தேன். அதுக்குள்ள எப்புடிச் சொல்றது? ரெண்டும் ஒரே ஆள்தான் ஊதுனான்."

மவுத் ஓகனைத் திருப்பி நீட்டினான். "ஊதுங்க."

"சசி, வேணாம்" என்றாள் விஜயகலா.

"ஒருக்கா கேக்குறேனேக்கா."

"அவன் ஊதுனது எனக்கு வராது தம்பி" என்றாள் வெள்ளையம்மா. "நான் கத்துக்கல. நம்ம பாட்டுத்தான் தெரியும்."

"அது போதும்."

கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துவிட்டு, ஷாமிளாவின் தாலாட்டை ஊதினாள். பாதியில் மூச்சு இடறியது. திரும்ப ஆரம்பித்தாள். சசி வலது காதைக் கொடுத்து, கண்ணை மூடாமல், மழையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். விஜயகலா வெட்டிய பலாக்காயையெல்லாம் அள்ளிக்கொண்டு அடுப்படிக்குள் போய், சட்டியைத் தேவைக்கு மேல் சத்தமாக வைத்தாள். பாட்டு முடிந்ததும் சசி, "இதுல மொத ஓட்ட போயிருச்சு போல" என்றான். "ஆமா தம்பி, காத்துத்தான் வரும்" என்றாள் அவள். அவ்வளவுதான் பேசினார்கள்.

விஜயகலா உள்ளேயிருந்தே சொன்னாள்: "நான் இன்னைக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன். இருட்டுறதுக்கு முந்தி போங்க. பாதை வழுக்கும்."

*

பன்னிரண்டு நாள் ஒரு சேதியும் இல்லை. ஷாமிளா பஸ்ஸில் கிருஷாந்தின் பக்கத்தில் உட்காருவதை நிறுத்தியிருந்தாள். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும்போது குரல் கம்முகிறது என்று பாலர் பாடசாலை ஆயா வந்து சொன்னாள். நல்லையா ஒருநாள் தனியாக மேல் டிவிசனுக்குப் போய், துருப்பிடித்துப்போன ஒரு தண்ணீர்க் குழாயை மாற்றும் சாக்கில் சசியைப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வெற்றிலை போட்டுவிட்டு வந்தார். என்ன பேசினீர்கள் என்று வெள்ளையம்மா கேட்டாள். "என்னாத்தப் பேசுறது. நாலு வார்த்த வரல எனக்கு. அவருதான் மாட்டுக்கு என்னா தீனி போடுறதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு" என்றார்.

அன்றிரவு, "நீ செஞ்சது எனக்காகத்தானே புள்ள. அதுல பாதி எனக்குத்தான் சேரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

பதின்மூன்றாம் நாள் வெயில் வந்தது. மரம் காய்ந்து, பால் வெட்டு நடந்தது. வெட்டி முடித்து, சிரட்டைகளில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளையம்மா ரொட்டியைப் பிரித்தாள். மவுத் ஓகனை அவள் மலைக்குக் கொண்டுவரவில்லை. சருகு மிதிபடும் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். விஜயகலா ரப்பர் மரங்களுக்கு நடுவில் வந்துகொண்டிருந்தாள். காலில் அட்டை ஏறியிருப்பது கூடத் தெரியாமல் நடந்து வந்தாள்.

"ஒக்காருங்கக்கா. மொதல்ல கால நீட்டுங்க."

வெள்ளையம்மா உப்பு வைத்து இரண்டு அட்டைகளை எடுத்துப் போட்டாள். விஜயகலா சிரட்டையில் விழும் பாலைப் பார்த்தாள்.

"இம்புட்டு மெதுவாவா விழும்?"

"அது அப்புடித்தான்க்கா."

"எனக்கா இருந்தா பைத்தியம் புடிச்சிரும்." கொஞ்சநேரம் கழித்து, "நான் ஒங்கள மன்னிக்கல" என்றாள்.

"சரிக்கா."

"அது எப்ப வரும்னு எனக்குத் தெரியல. வராமலே போனாலும் போகும். ஆனா அது நமக்குள்ள இருக்கட்டும். புள்ளைங்க மேல வைக்கிறது பாவம். ஒங்க மக வீசுற சாமானும் இல்ல, வச்சிக்கிற சாமானும் இல்ல. என் மகன் நாலு நாளா சோறு திங்கல. தையிலேயே வச்சிக்குவோம்."

வெள்ளையம்மா பாதி ரொட்டியைப் பிய்த்துச் சம்பலோடு நீட்டினாள். விஜயகலா வாங்கிக்கொண்டாள்.

"கல்யாணத்துல அத ஊதக் கூடாது."

"ஊத மாட்டேன்க்கா. வேணும்னா வீசியே..."

"வீச வேணாம்" என்றாள் விஜயகலா ரொட்டியைப் பார்த்துக்கொண்டு. "நீங்க ஊதுன அன்னைக்கு தம்பி நல்லாத் தூங்குனான். வந்ததுலேருந்து அவன் நல்லாத் தூங்கி நான் பாத்ததில்ல. அவன் கேட்டா ஊதுங்க. நான் அந்தப் பக்கம் போயிர்றேன்."

*

தை மாதம் கோயிலிலேயே கல்யாணம் நடந்தது. சசிதான் மாப்பிள்ளைக்கு மாமன் முறை செய்து மாலை போட்டான். வேட்டி கட்டத் தெரியாமல் அதன்மேல் பெல்ட் போட்டுக்கொண்டு வந்து எல்லோரையும் சிரிக்க வைத்தான். மவுத் ஓகன் வீட்டிலேயே இருந்தது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளையம்மா மகளைப் பார்க்க மேல் டிவிசனுக்குப் போய்வருவாள். சாப்பாடு முடிந்ததும் சசி வாசற்படியில் வந்து உட்காருவான். கேட்க மாட்டான். வலது காதைத் திருப்பிக்கொண்டு உட்காருவான், அவ்வளவுதான். அவள் பையை அவிழ்க்கும்போது விஜயகலா அரிவாளை எடுத்துக்கொண்டு, "மாட்டுக்குப் புல்லு அறுக்கணும்" என்று கிளம்பிவிடுவாள். மாட்டுக்கு ஏற்கெனவே இரண்டு கட்டுப் புல்லு கிடக்கும். யாரும் அதைச் சொல்வதில்லை.

சித்திரை கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவும்போதே வானம் பிளந்துகொண்டு கொட்டியது. அரிவாளோடு வாசல் வரை போன விஜயகலா, மழையைப் பார்த்தாள். மாட்டுக் கொட்டில் கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. திரும்பி அடுப்படிக்குள் போனாள். வெள்ளையம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு தயங்கினாள். ஷாமிளா மாமியார் போன பக்கம் பார்த்தாள். சசி மட்டும் அசையாமல் இருந்தான்.

வெள்ளையம்மா ஊதினாள். மழைச் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டுமென்று கொஞ்சம் அழுத்தியே ஊதினாள். கும்மிப் பாட்டு முடிந்து, தாலாட்டு முடிந்து, மூன்றாவதுக்கு மூச்சு வாங்கினாள். அடுப்படியில் சட்டி உருளும் சத்தம் எதுவும் இல்லை.

விஜயகலா தேத்தண்ணியோடு வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். தம்பியைப் பார்க்கவில்லை. மருமகளைப் பார்க்கவில்லை. வெள்ளையம்மாவின் சிவந்துபோன உதட்டைப் பார்த்தாள்.

"வாய் வலிக்காதா ஒங்களுக்கு?" என்றாள். "கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி ஊதுங்க. மழை இப்பக்குள்ள விடாது."